யாரும் மேசைக்கு வரமாட்டார்கள்: இங்கிலாந்தின் கிராமத்து பப்புக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்துக்கு வந்த முதல் வருடம். ஒரு சனிக்கிழமை, வயலோரப் பாதையில் இரண்டு மணி நேரம் நடந்த களைப்பில் நானும் என் மனைவியும் ஒரு கிராமத்து பப்புக்குள் நுழைந்தோம். சன்னலோரம் நல்ல மேசை காலியாக இருந்தது. உட்கார்ந்தோம். சர்வர் வருவார் என்று காத்திருந்தோம். 25 நிமிடம் ஆகியும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நம் நிறத்தைப் பார்த்துத்தான் ஒதுக்குகிறார்களோ என்று மனதுக்குள் புகைய ஆரம்பித்தது. பக்கத்து மேசையில் நாயோடு உட்கார்ந்திருந்த பெரியவர் கடைசியில் எங்கள் பக்கம் சாய்ந்து, "அங்கே போய்க் கேட்டால்தான் கொடுப்பார்கள், இங்கே யாரும் வரமாட்டார்கள்" என்று கவுன்ட்டரைக் காட்டினார்.

படிக்கவோ வேலைக்கோ புதிதாக வந்திருக்கும் நம்மவர்கள் பலருக்கும் இந்த 25 நிமிடம் ஏதாவது ஒரு பப்பில் வாய்த்திருக்கும். அதை மிச்சப்படுத்தவே இதை எழுதுகிறேன். குடிக்காதவர்களும் படிக்கலாம். என் மனைவி ஒரு சொட்டு பீர் தொட்டதில்லை, ஆனால் பப்புக்குப் போகலாமா என்று முதலில் கேட்பது அவள்தான்.

கிளம்புவதற்கு முன்

பப் திறந்திருப்பது வேறு, அடுப்பு எரிவது வேறு. இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பல கிராமத்து பப்புகளில் மதியச் சாப்பாடு 12 மணியிலிருந்து 2 அல்லது 2.30 வரைதான். அப்புறம் மாலை 6 மணிக்குத்தான் அடுப்பு மூட்டுவார்கள், 8.30 அல்லது 9-க்கு அணைத்துவிடுவார்கள். ஞாயிறன்று மதியம் 4 மணி வாக்கில் சமையல் முடிந்துவிடும், இரவுச் சாப்பாடு பெரும்பாலும் கிடையாது. திங்கள்கிழமை பல பப்புகளுக்கு விடுமுறை. முதல் உலகப் போர்க் காலத்தில் பப்புகளைப் பிற்பகலில் மூட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். இங்கிலாந்தில் அந்தத் தடை பெரும்பாலும் விலகியது 1988-இல்தான். சட்டம் போய்விட்டது, சமையல்காரரின் மதிய ஓய்வு மட்டும் போகவில்லை.

ஒரு தடவை 2.35-க்குப் போய்ச் சேர்ந்தோம். ஐந்து நிமிடம்தானே என்று கெஞ்சிப் பார்த்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் மிகுந்த அனுதாபத்தோடு இரண்டு கிரிஸ்ப்ஸ் (நம்மூர் உருளைக்கிழங்கு சிப்ஸ்) பாக்கெட்டை எடுத்து வைத்தாள். அன்றைய மதியச் சாப்பாடு அதுதான். ஆகவே போன் செய்து சமையல் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் மேசையும் சொல்லி வைத்துவிடுங்கள். இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை நம்பிப் போய் ஏமாந்திருக்கிறேன்.

அடுத்தது, திரும்பி வருவது எப்படி? கிராமத்துக் கடைசி பஸ் மாலை 6 மணிக்கே போய்விடும். ஞாயிறன்று பஸ்ஸே இல்லாத ஊர்கள் உண்டு. டாக்சி வர முக்கால் மணி நேரம் ஆகும், செல்போனில் சிக்னலும் இருக்காது. காரில் போனால் ஓட்டுகிறவர் குடிக்கக் கூடாது. இந்தியாவில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால்தான் வரம்பு. ஸ்காட்லாந்தில் 2014 முதல் அது 50. இங்கிலாந்தில் 80 வரை விட்டிருந்தார்கள் என்பதைக் கேட்டு, 'ஒரு பைண்ட் பீர் போட்டால் ஒன்றும் ஆகாது' என்று கணக்குப் போடும் நண்பர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் புதர்வேலி, மறுபக்கம் பள்ளம், நடுவே ஒரு வண்டி மட்டும் போகிற வளைவுச் சாலையில் இந்தக் கணக்கு வேண்டாம்.

இளமையாகத் தெரிகிறவர்கள் பாஸ்போர்ட் அல்லது ஓட்டுநர் உரிமம் எடுத்துப் போகவும். மது வாங்க வயது 18. ஆனால் 25-க்குக் குறைவாகத் தோன்றினால் அடையாள அட்டை கேட்பது இங்கே வழக்கம்.

கதவைத் திறந்ததும்

சின்ன ஊர் பப்பில் கதவைத் திறந்ததும் உள்ளே இருக்கும் எல்லாத் தலையும் திரும்பும். அது பகை இல்லை. யாரோ தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று பார்க்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு 'ஹலோ' சொல்லிவிட்டால் தலைகள் மறுபடி கோப்பைக்குத் திரும்பிவிடும். காலில் சேறு இருந்தால் வாசலிலேயே தட்டிவிடுங்கள். சில இடங்களில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் காலுறையோடு போகச் சொல்வார்கள். நாய்களுக்கு இந்த மரியாதையெல்லாம் கிடையாது, அவை நேராகக் குளிர்காயும் கணப்பின் ஓரம் போய்ப் படுத்துக்கொள்ளும்.

மேசையில் பெயர் எழுதிய சீட்டு இருந்தால் அது வேறு ஆளுக்கு. இல்லாவிட்டால் எங்கும் உட்காரலாம். கவுன்ட்டரின் மூலையில் இருக்கும் உயர நாற்காலியை மட்டும் விட்டுவிடுவது நல்லது. அது முப்பது வருடமாக ஒரே ஆள் உட்காரும் இடமாக இருக்கலாம். மேசை மூலையில் ஒரு எண் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், சாப்பாடு சொல்லும்போது கேட்பார்கள்.

இப்போது கவுன்ட்டருக்குப் போங்கள். அங்கே வரிசை இருக்காது, ஆனால் எல்லோர் மனதிலும் ஒரு வரிசை இருக்கும். உங்களுக்கு முன்னால் யார் வந்தார்கள் என்று கவனித்துக்கொள்ளுங்கள். உங்களை முதலில் கேட்டால், "இவர் எனக்கு முன்னாலேயே நிற்கிறார்" என்று கை காட்டுங்கள். இந்த ஒரு செயலுக்குக் கிடைக்கும் மரியாதை பெரியது. பவுண்டு நோட்டை ஆட்டுவது, விரலைச் சொடுக்குவது, 'எக்ஸ்கியூஸ் மீ' என்று கூவுவது எதுவும் வேண்டாம். கவுன்ட்டரில் கையை ஊன்றி நின்று ஒரு தடவை கண்ணைச் சந்தித்தால் போதும்.

பீர் வாங்குவது

கவுன்ட்டரில் இரண்டு வகைக் குழாய்கள் தெரியும். ஒன்று, கைப்பிடியைச் சாய்த்தால் தானாக ஓடும் குழாய். லாகர், கின்னஸ் போன்றவை அதில் வரும், ஜில்லென்று இருக்கும். மற்றொன்று உயரமான மரக் கைப்பிடி. அதை இழுத்து இழுத்துத்தான் பீர் ஏற்ற வேண்டும். நம்மூர் அடிபம்பு மாதிரிதான். கிராமத்து பப்புக்கு வந்ததே இந்தக் கைப்பம்பு பீருக்காகத்தான் என்பேன்.

இதற்குக் காஸ்க் ஏல் என்று பெயர். மதுவாலையில் நொதித்து முடிந்ததும் வடிகட்டி அடைப்பது வழக்கமான பீர். காஸ்க் ஏலோ பீப்பாய்க்குள் உயிரோடு இருக்கும் ஈஸ்டுடன் பப்பின் நிலவறைக்கு வந்து, அங்கேயும் நொதித்துக்கொண்டே இருக்கும். தயிர்ப் பானை போல அதைப் பார்த்துக்கொள்ள ஒரு கை வேண்டும். 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் கொடுப்பார்கள். 'இங்கிலீஷ்காரன் சூடான பீர் குடிக்கிறான்' என்ற பேச்சு இதிலிருந்து வந்ததுதான். உண்மையில் அது மண்பானைத் தண்ணீர்க் குளிர்ச்சி. பீப்பாயைத் திறந்துவிட்டால் மூன்று நாளைக்குள் விற்றாக வேண்டும். ஃபர்கின் என்ற சின்னப் பீப்பாயிலேயே 72 பைண்ட் இருக்கும். ஆகவே ஆள் வராத பப்பில் ஐந்தாறு கைப்பம்பு வரிசையாக நின்றால் எனக்குச் சந்தேகம் வரும். இரண்டே பம்பு, நல்ல கூட்டம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

1960-களில் பெரிய மதுவாலைகள் இந்த பீரைக் கைவிட்டு, வாயு ஏற்றிய பீருக்கு மாறிக்கொண்டிருந்தன. அதை எதிர்த்து 1971-இல் நான்கு நண்பர்கள் தொடங்கிய இயக்கம்தான் காம்ரா. ஒரு பப்பின் கதவில் காம்ராவின் ஸ்டிக்கர் இருந்தால் அந்த ஊர்க்காரர்கள் நாக்கால் பரிசோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

எதைக் கேட்பது? பம்பில் மாட்டியிருக்கும் அட்டையில் பெயரும் ஆல்கஹால் அளவும் இருக்கும். பிட்டர் என்பது செம்பு நிறம், மெல்லிய கசப்பு, பெரும்பாலும் 4 சதவீதத்துக்கு முன்பின். மைல்டு கருத்தது, லேசானது. கோல்டன் ஏல் புதியவர்களுக்குச் சுலபமானது. போர்ட்டர், ஸ்டவுட் இரண்டும் கறுப்பு, வறுத்த காப்பிக்கொட்டை வாசம். கசப்புக் காப்பி பிடித்தவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம். ஐபிஏ என்பதில் உள்ள 'ஐ' இந்தியாதான். இங்கிருந்து அங்கே கப்பலேறிய பீரின் பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. அட்டை திருப்பி மாட்டியிருந்தால் அந்த பீர் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

சைடர் விஷயத்தில் கவனம். அது ஆப்பிள் ஜூஸ் இல்லை. இங்கே சைடர் என்றாலே மது, பல சமயம் பீரைவிட வலுவானது. என் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் வெயிலுக்கு இதமாக இருக்கிறதே என்று இரண்டு பைண்ட் குடித்துவிட்டு, எழுந்து நின்றபோதுதான் விஷயம் புரிந்து மறுபடி உட்கார்ந்தான்.

தீர்மானிக்க முடியவில்லையா? ருசி பார்க்கக் கேளுங்கள். "கொஞ்சம் ருசி பார்க்கலாமா?" என்றால் சின்னக் கோப்பையில் ஒரு வாய் தருவார்கள், காசு இல்லை. ஒன்றிரண்டு ருசி சரி, கூட்ட நேரத்தில் ஆறு கேட்டால் பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். பைண்ட் என்பது 568 மில்லி. முதல்முறை அரை பைண்ட் வாங்குங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

பலகையில் 'ஃப்ரீ ஹவுஸ்' என்று இருந்தால் எதுவும் இலவசம் இல்லை. எந்த மதுவாலைக்கும் கட்டுப்படாமல் பிடித்த பீரை வாங்கி விற்கும் பப் என்று அர்த்தம்.

பீர் சரியில்லை என்றால்

நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. ஒரு முறை எனக்கு வந்த பிட்டரில் காடி வாசம் அடித்தது. பிரிட்டிஷ் பீர் இப்படித்தான் இருக்குமோ, எனக்குத்தான் ருசிக்கத் தெரியவில்லையோ என்று பைண்ட் முழுவதையும் மருந்து போலக் குடித்து முடித்தேன். அதே பம்பில் வாங்கிய அடுத்த ஆள் ஒரு வாய் வைத்ததும் கவுன்ட்டருக்குத் திரும்பிப் போனார். மன்னிப்புக் கேட்டு வேறு பீர் கொடுத்தார்கள். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்.

காடிப் புளிப்பு, அழுகிய முட்டை வாசம் போகாமல் நிற்பது, தெளிவாக இருக்க வேண்டிய பீர் கலங்கலாக இருப்பது, இவை பீப்பாயின் கோளாறு. பாதி குடித்துவிட்டுப் போகாதீர்கள், முதல் இரண்டு வாயிலேயே போங்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை. "இது கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கிறது, நீங்கள் ருசி பார்க்கிறீர்களா?" என்றால் போதும். நல்ல பப்காரர் உடனே மாற்றித் தருவார், பம்பின் அட்டையையும் திருப்பிவிடுவார். ஆனால் கசப்பு பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பக் கூடாது. அது உங்கள் தேர்வு. வேண்டுமென்றே கலங்கலாகத் தயாரிக்கும் பீரும் உண்டு, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நுரை அதிகமாகி பீர் குறைந்தால் நிரப்பித் தரச் சொல்லலாம். நுரை போக 95 சதவீதமாவது பீர் இருக்க வேண்டும் என்பது தொழிலில் ஒப்புக்கொண்ட அளவு. வடக்கே யார்க்‌ஷயர் பக்கம் குழாய் நுனியில் துளைகள் உள்ள மூடி மாட்டி, ஃபில்டர் காப்பி மாதிரி கெட்டி நுரையோடு தருவார்கள். தெற்கே தட்டையாக வரும். எது சரி என்று அவர்களுக்குள்ளேயே சண்டை தீரவில்லை, நாம் தலையிட வேண்டாம்.

ரவுண்டு

நண்பர்களோடு போனால் ஒவ்வொருவரும் முறைவைத்து எல்லோருக்கும் சேர்த்து வாங்குவார்கள். நம்மூர் ஓட்டலில் பில் வந்ததும் 'நான்தான் கொடுப்பேன்' என்று சட்டைப்பையைப் பிடித்து இழுக்கும் சண்டை இங்கே நடக்காது. உங்கள் முறை வந்தால் கேட்காமல் எழுந்துவிட வேண்டும். இரண்டு ரவுண்டு குடித்துவிட்டு மூன்றாவதுக்கு முன் கிளம்புகிறவனை வெகுநாள் நினைவில் வைத்திருப்பார்கள். கூட்டம் பெரிதாக இருந்தால், "நான் எனக்கு மட்டும் வாங்கிக்கொள்கிறேன்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

குடிக்காதவர்களும் ரவுண்டில் சேரலாம். லைம் சோடா, ஜிஞ்சர் பீர், எல்டர்பூ சர்பத், 0.5 சதவீத பீர் எல்லாம் கிடைக்கும். இங்கே லெமனேட் என்றால் எலுமிச்சைச் சாறு என்று நினைக்காதீர்கள், வாயு அடைத்த இனிப்புத் தண்ணீர் வரும். மது விற்கும் இடங்களில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது 2010 முதல் சட்டம்.

சாப்பாடு

பெரும்பாலும் சாப்பாட்டையும் கவுன்ட்டரில்தான் சொல்ல வேண்டும். கரும்பலகையில் எழுதியிருப்பதை முதலில் பாருங்கள். அச்சடித்த அட்டையில் அறுபது அயிட்டம் இருந்தால் பாதி ஃப்ரீசரிலிருந்து வரும் என்பது என் அனுபவம். பலகையில் ஐந்தாறு மட்டும் எழுதி, அதில் ஒன்றை அடித்திருந்தால் நல்ல அறிகுறி.

ஞாயிறு ரோஸ்ட்தான் பப் சாப்பாட்டின் ராஜா. மாடு, ஆடு, பன்றி, கோழி இவற்றில் ஒன்றைச் சுட்டு, உருளைக்கிழங்கு, காய்கறி, கிரேவியோடு தருவார்கள். கூடவே மாவு, முட்டை, பால் கரைத்து ஓவனில் பொங்க வைத்த யார்க்‌ஷயர் புட்டிங், கிண்ணம் போல. பெயர்தான் புட்டிங், இனிப்பு கிடையாது. நம் நாக்குக்கு உப்பும் காரமும் குறைவாகத் தெரியும். மாட்டிறைச்சியோடு வரும் வெள்ளை ஹார்ஸ்ரேடிஷைத் தொட்டுக்கொண்டால் மூக்கு வரை ஏறும், அப்புறம் குறை சொல்லமாட்டீர்கள்.

நான் அதிகம் வாங்குவது ப்ளவ்மேன்ஸ் லஞ்ச். ரொட்டி, பெரிய சீஸ் துண்டு, இனிப்பும் புளிப்புமான காய்கறி ஊறுகாய், வெங்காயம், ஆப்பிள். உழவர் சாப்பாடு என்று பெயரே தவிர, அந்தப் பெயரைப் பரப்பியது 1950-களில் சீஸ் விற்பனையைக் கூட்ட நடந்த விளம்பரம்தான். ஆறிப் போக அதில் எதுவும் இல்லை, எந்தச் சமையல்காரரும் அதைக் கெடுக்க முடியாது.

பெயர்கள் நம்மைக் குழப்பும். 'டோட் இன் த ஹோல்' என்பதில் தேரை இல்லை, மாவில் புதைத்த சாசேஜ். சாசேஜ் என்றாலே பன்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்காட்ச் எக் என்பது முட்டையைச் சுற்றிப் பன்றிக் கொத்துக்கறி. பிளாக் புட்டிங் ரத்தத்தில் செய்தது. வெல்ஷ் ரேர்பிட்டில் முயல் இல்லை, சீஸ் பூசிச் சுட்ட ரொட்டிதான். ஆனால் அதில் ஊற்றும் வூஸ்டர்‌ஷயர் சாஸில் நெத்திலி வகை மீன் உண்டு. நம்மூர்ப் புளியும் உண்டு, அது ஒரு ஆறுதல்.

சைவர்கள் இங்கே துருவித் துருவிக் கேட்க வேண்டும். வேறு வழியில்லை. ரோஸ்ட் உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பிலோ மாட்டுக் கொழுப்பிலோ வறுத்திருக்கலாம். கிரேவி கறிச்சாறு. சிப்ஸை மீன் பொரித்த எண்ணெயிலேயே பொரித்திருக்கலாம். 'பை' (pie) என்ற, மாவு மூடிச் சுட்ட பண்டத்துக்குள் காளான் இருந்தாலும் மேலே மூடிய மாவில் கொழுப்பு இருக்கலாம். ஏன், பீரே சைவமாக இல்லாமல் இருக்கலாம். காஸ்க் ஏலைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஐசிங்கிளாஸ் என்ற பொருளைப் பல மதுவாலைகள் சேர்க்கின்றன. அது வேண்டாம் என்றால், தெளிய வைக்காத பீர் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹலால் கறி கிராமப்புறத்தில் அநேகமாகக் கிடைக்காது. ஒவ்வாமை இருந்தால் தயங்கவே வேண்டாம். சட்டம் பட்டியலிட்டிருக்கும் 14 ஒவ்வாமைப் பொருள்களில் எது எந்த உணவில் இருக்கிறது என்று சொல்வது அவர்கள் கடமை.

இனிப்புக்கு ஸ்டிக்கி டாஃபி புட்டிங். பேரீச்சை கேக், மேலே சூடான டாஃபி சாஸ். இரண்டு பேருக்கு ஒன்று போதும்.

சாப்பாடு வந்து இரண்டு வாய் சாப்பிட்டதும், "எல்லாம் நன்றாக இருக்கிறதா?" என்று கேட்க ஒருவர் வருவார். இங்கிலீஷ்காரர்கள் தட்டில் கல் இருந்தாலும் "பிரமாதம்" என்பார்கள். நானும் அப்படிச் சொல்லி, நடுவில் ஐஸாக இருந்த ஒரு 'பை' பண்டத்தை விழுங்கியிருக்கிறேன். அந்த நிமிடம்தான் உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. "நடுவில் சூடாகவில்லை, கொஞ்சம் பார்க்கிறீர்களா?" என்று அப்போதே சொன்னால் மாற்றித் தருவார்கள். முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு நட்சத்திரம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

காசு, டிப்ஸ், கிளம்புவது

வாங்கும்போதே பணம். சில இடங்களில் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு கடைசியில் கணக்குப் பார்ப்பார்கள். கிளம்பும்போது மறந்துவிடாதீர்கள், பஸ் ஏறிய பிறகு ஞாபகம் வந்தவன் சொல்கிறேன். பானத்துக்கு டிப்ஸ் வைக்கும் பழக்கம் இல்லை. நன்றாகக் கவனித்தார் என்று தோன்றினால், பணம் கொடுக்கும்போது "உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். அவர் ஒரு சின்னத் தொகையைச் சேர்த்துக்கொள்வார். மேசைக்குச் சாப்பாடு கொண்டுவந்து கவனித்திருந்தால் 10 சதவீதம் வைக்கலாம். அந்தப் பணம் முழுவதும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று 2024 அக்டோபரிலிருந்து சட்டம் இருக்கிறது.

மணி அடித்தால் கடைசி ஆர்டர். இரண்டாவது மணிக்குக் கவுன்ட்டர் மூடும், கையில் இருப்பதைக் குடித்து முடிக்க 20 நிமிடம் போலத் தருவார்கள். போகும்போது காலிக் கோப்பைகளைக் கவுன்ட்டரில் கொண்டுபோய் வைத்துவிட்டு ஒரு 'சியர்ஸ்' சொல்லுங்கள். இங்கே அதற்கு நன்றி என்றும் அர்த்தம்.

எங்கே தொடங்கலாம்

யார்க்‌ஷயரில் டான் ஹில் இன், கடல் மட்டத்திலிருந்து 528 மீட்டர். பிரிட்டனிலேயே உயரத்தில் இருக்கும் பப் அது. 2021 நவம்பரில் பனிப்புயலில் சிக்கி 60 பேர் போல மூன்று இரவுகள் அங்கேயே தங்க நேர்ந்தது. அன்று பாட வந்த இசைக்குழுவும் சேர்ந்து மாட்டிக்கொண்டது. பனிக்காலத்தில் போவதென்றால் மாற்று உடை எடுத்துப் போங்கள். கம்ப்ரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட்டின் ஓல்டு கிரவுனை 2003-இல் ஊர்க்காரர்களே கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கினார்கள். டார்செட் கடற்கரைப் பக்கம் வொர்த் மாட்ராவர்ஸில் ஸ்கொயர் அண்ட் காம்பஸ், 1907 முதல் ஒரே குடும்பத்தின் கையில். கவுன்ட்டரே கிடையாது, சுவரில் ஒரு திறப்பு வழியாக சைடரும் பேஸ்டி என்ற, உள்ளே பூரணம் அடைத்துச் சுட்ட மாவுப் பண்டமும் தருவார்கள். பக்கத்து அறையில் புதைபடிமக் காட்சி.

எனக்குப் பிடித்தது பார்க்‌ஷயரில் ஆல்ட்வொர்த் ஊரின் பெல் இன். 200 வருடங்களுக்கு மேலாக ஒரே குடும்பம் நடத்துகிறது, 2019-க்கான காம்ராவின் தேசிய விருதும் வாங்கியது. அங்கேயும் சின்னக் கண்ணாடிச் சன்னலைத் தட்டித்தான் கேட்க வேண்டும். உள்ளே ஏதாவது வைத்த சூடான ரொட்டி ரோல், ஒரு பைண்ட், அவ்வளவுதான் சாப்பாடு. ரிட்ஜ்வே நடைபாதையில் நடந்துவிட்டு வந்தால் அதுவே போதும். திங்கள்கிழமை போகாதீர்கள், பூட்டியிருக்கும்.